பதினாறாவது கார்டு

மே 12, 2025, திங்கள்

என்னை ஊர் நடுவில் நிறுத்திக் கள்ளக் கையெழுத்துப் போட்டவன் ஆக்கிவிட்டார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மேல்நிலைப் பள்ளி ஹாலில், குறைந்தது அறுபது பேர் பார்க்க இது நடந்தது. செய்தவர் மீனலோசனி கோப்பை ஹாக்கிப் பொன்விழாக் குழுவின் செயலாளர் திருவேங்கடம். நான் நாற்பத்தேழு வருஷம் பாதுகாத்துக் கண்காட்சிக்குக் கொடுத்த பதினாறு கார்டுகளில் ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்தார். அந்த இடத்தில் ‘கையெழுத்து ஐயத்திற்குரியது’ என்று கம்ப்யூட்டரில் அடித்த சீட்டு ஒட்டினார். சட்டத்துக்குக் கீழே ‘உதவி: ச. உத்தண்டராமன், மீனலோசனி மில் ஓய்வு’ என்ற என் பெயர் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே ஐயம்.

காரணம் ஒரு பெண். எங்கள் மில் அணியின் கோல்கீப்பர் கொம்பையாவின் மகளாம். ஜெயபாரதி என்று பெயர். தூத்துக்குடியில் கணக்கு டீச்சர். கொம்பையா ஆறு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சட்டத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு திருவேங்கடத்தைக் கூப்பிட்டு, “சார், இது எங்கப்பா கையெழுத்து இல்லை” என்றாள். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார்.

நான் விடவில்லை. “கொம்பையா போட்டதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“எந்த இடத்துல வச்சுப் போட்டாரு அண்ணாச்சி?” என்றார் திருவேங்கடம்.

“கேன்டீன் பக்கத்துக் கல் பெஞ்சு. எழுபத்தெட்டு ஏப்ரல். அப்போ நீரு அரைக்கால் சட்டை.”

சிலர் சிரித்தார்கள். என் பக்கமாகச் சிரித்தார்களா என்று தெரியவில்லை.

இருபத்தைந்தாம் தேதி நிறைவு விழாவில் எனக்குப் பொன்னாடை போடுவதாக அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். இன்று காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதே அழைப்பிதழைப் பார்த்தேன். என் பெயர் மேல் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பெயர் தெரிகிறது.

மே 13, செவ்வாய்

மோட்டாரில் காற்று ஏறிவிட்டது. இரண்டு முறை தண்ணீர் ஊற்றியும் இழுக்கவில்லை. பேச்சியம்மாள் ரேஷனுக்குப் போய் வந்து, “கடையில ஒருத்தி எங்கிட்டயே கேக்கா, உங்க வீட்டுக்காரரு கையெழுத்து நல்லாப் போடுவாராமேன்னு” என்றாள்.

“நீ என்ன சொன்ன?”

“ஆமா, எம் பேரைக்கூட அவருதான் போடுவாருன்னேன்.”

இவளிடம் ஆறுதல் கிடைக்கும் என்று நாற்பத்திநாலு வருஷமாக நான் எதிர்பார்த்ததில்லை.

மே 14, புதன்

கார்டுகளைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

1978 பொங்கலுக்கு மில் நிர்வாகம் சிவகாசியில் கொடுத்துப் பாக்கெட் காலண்டர் கார்டு அடித்தது. முன்பக்கம் ஹாக்கி ஆட்டக்காரரின் கலர் போட்டோ. பின்பக்கம் அந்த வருஷக் காலண்டர். போட்டோவுக்குக் கீழே ஒரு விரல் அகலம் வெள்ளையாக விட்டிருந்தார்கள், கையெழுத்து வாங்குவதற்கு. மொத்தம் பதினாறு ஆட்டக்காரர்கள். ஒரு தொழிலாளிக்கு ஒரே ஒரு கார்டு. யாருக்கு எவர் வருவார் என்று தெரியாது, மூடிய கவரில் கொடுத்தார்கள். எனக்கு வந்தது லெப்ட் அவுட் ஆட்டக்காரர். மற்ற பதினைந்தையும் கேன்டீனில் மாற்றி மாற்றிச் சேர்த்தேன். ஒரு சென்டர் பார்வர்டுக்காக என் ஞாயிற்றுக்கிழமை லீவையே விட்டுக்கொடுத்து இன்னொருவனுக்காக ஷிப்டு பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து ஆட்டக்காரர்கள் கேன்டீன் கல் பெஞ்சில் உட்கார்வார்கள். மாஸ்டர்களும் கிளார்க்குகளும் எங்களைப் போன்ற மெஷின்காரர்களும் வரிசையாக நின்று கையெழுத்து வாங்குவோம். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் டீக்கடைப் பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தை நானே கூட்டிப் படித்துக்கொண்டவன். ரைட் இன் ஆடிய பெங்களூர்க்காரர் இங்கிலீஷில் கிறுக்கியதைக்கூட அன்றைக்கே படித்துவிட்டேன். நூல் சுற்றும் எங்கள் வைண்டிங் பிரிவில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பதினைந்து பேரும் போட்டார்கள். கொம்பையா மட்டும் போடமாட்டான். (போடமாட்டார் என்று எழுத வேண்டும். இறந்தவர்.) காலில் கட்டிய பேடைக் கழற்றாமலே குளிக்கப் போய்விடுவார். நான் ஐந்து முறை கேட்டேன். ஒரு முறை கை ஈரம் என்றார். ஒரு முறை, அப்புறம் பார்க்கலாம் என்றார். நல்ல உயரம், எடுப்பான மூக்கு. அணியில் அவரை ஜமீன் என்று கூப்பிடுவார்கள். கண்காட்சியிலும் ‘ஜமீன் கொம்பையா’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

கடைசியில் போட்டார். பதினாறும் நிறைந்தது. எனக்குத் தெரிந்து முழு செட் வைத்திருப்பவன் இந்த ஜில்லாவில் நான்தான்.

இன்று குழுவுக்கு மனு எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். மூடிய மில்லின் பழைய சம்பளப் பதிவேடுகள் மதுரையில் கோர்ட் நியமித்த கலைப்பு அதிகாரியின் பொறுப்பில் இருக்கின்றன. 1978ஆம் வருஷப் பதிவேட்டை எடுத்து, அதில் கொம்பையா போட்ட கையெழுத்தையும் என் கார்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்கும்வரை நான் ஓயமாட்டேன். நகலைக் கலெக்டருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

மே 15, வியாழன்

அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். பேச்சியம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். நான் வேண்டுமென்றே பேப்பரை மடக்கவில்லை.

“ஐயா, உங்க மேல எனக்குக் கோபமில்லை. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால சொல்லியிருக்கக் கூடாது.”

“சொல்லியாச்சுல்ல?”

“எங்கப்பா கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும். நீங்களே பாருங்க.”

பையிலிருந்து அவளுடைய ஆறாம் வகுப்பு ரேங்க் கார்டை எடுத்தாள். பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தில் ‘கொம்பையா’ என்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, செங்கல் அடுக்கினாற்போல. என் கார்டில் இருப்பது சாய்ந்து ஓடும் எழுத்து, கடைசியில் ஒரு இழுப்பு. ஒரே கை என்று நான் சொல்லவில்லை. மனுஷனுக்கு வயசோடு கையெழுத்து மாறும். அதையே சொன்னேன்.

“இருக்கலாம்,” என்றாள். “ஆனா அப்பா அப்படி வேகமாப் போடுறவரே இல்லை. ரேங்க் கார்டு கொண்டுபோனா கை கழுவிட்டு, கதவைச் சாத்திட்டு உட்காருவார். ஒரு கையெழுத்துக்குப் பத்து நிமிஷம். படிப்புன்னா அவ்வளவு மரியாதை. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சவரு. ஹாக்கிக்காக மேல படிக்காம விட்டுட்டாராம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் என்னை எம்.எஸ்.ஸி. வரைக்கும் படிக்க வச்சார்.”

பேச்சியம்மாள் “நல்ல மனுஷன்” என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டு.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் கேட்டாள்: “அப்பா ஏன் எழுபத்தெட்டு பைனல் ஆடலைன்னு உங்களுக்குத் தெரியுமா? வீட்ல கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவார்.”

தெரியாது என்றேன். ஊரில் சொன்னது தெரியும். எதிர் அணியிடம் பணம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை, வீடு தேடி வந்தவள்.

மே 16, வெள்ளி

மோட்டார் சரியாகிவிட்டது. வாஷர் போயிருந்தது.

மே 17, சனி

நூலகத்தில் திருவேங்கடம் எதிரில் வந்தார். என்னைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பி.டி. மாஸ்டராக இருந்தவருக்கு எல்லோரையும் உட்காரச் சொல்லும் பழக்கம்.

“மனு கிடைச்சுது அண்ணாச்சி. கலெக்டர் வரைக்கும் போகணுமா? ஒரு வார்த்தை, ‘எனக்கு நிச்சயமாத் தெரியலை’ன்னு சொல்லுங்க. கார்டைத் திருப்பித் தந்துருதேன். பொன்னாடையும் உண்டு.”

“பொன்னாடையை நீரே போத்திக்கிடும். பதிவேட்டை எடும்.”

“அதை எடுக்க எவ்வளவு நடை நடக்கணும் தெரியுமா?”

“நடங்க. அறுபது பேர் முன்னால என் கார்டைக் கழட்டும்போது கை வலிச்சுதா?”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதிவேடு வரும்வரை கையில் இன்னொரு சாட்சியும் இருப்பது நல்லது. ஆகவே ஒரு விஷயத்தைத் திருத்தி எழுதுகிறேன். கொம்பையா கையெழுத்துப் போட்டபோது நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் இல்லை. வருகையும் சம்பளமும் எழுதும் டைம் ஆபீஸ் கிளார்க் அருளப்பன் அண்ணன், “கொண்டா, நான் வாங்கித் தாரேன்” என்று கார்டை வாங்கிப்போனார். இரண்டு நாள் கழித்துக் கையெழுத்தோடு கொடுத்தார். கண்ணால் பார்த்தேன் என்று ஹாலில் நான் சொன்னது வார்த்தை வேகம். அண்ணன் பார்த்திருப்பார். அவர் பார்த்தால் நான் பார்த்த மாதிரி.

அவர் இப்போது சாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். திங்கட்கிழமை போகிறேன்.

மே 19, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அருளப்பன் அண்ணனுக்கு எண்பத்திரண்டு வயது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“வாலே உத்தண்டு. இன்னும் இருக்கியா?”

“உங்களுக்கு முந்திப் போகக்கூடாதுன்னு இருக்கேன்ணே.”

“நல்லாச் சொன்ன. உக்காரு.”

விஷயத்தைச் சொன்னேன். கண்காட்சி, அந்தப் பெண், ஸ்க்ரூ டிரைவர், எல்லாம். கொம்பையா உங்கள் முன்னால்தான் போட்டான் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் போதும் என்றேன். தாளும் பேனாவும் கொண்டுபோயிருந்தேன்.

அவர் கத்தியைத் தட்டில் வைத்தார். “இன்னுமா அந்தக் கார்டை வச்சிருக்க?”

“பின்னே?”

“அது நான் போட்டதுலே.”

எனக்குச் சரியாகக் கேட்டது. இருந்தாலும் என்ன என்று கேட்டேன்.

“நாந்தான் போட்டேன். டைம் ஆபீஸ் மேசையில வச்சு. ரெண்டு துண்டுத்தாள்ல எழுதிப் பாத்துட்டு, அப்புறம் கார்டுல போட்டேன். கடைசியில ஒரு இழுப்பு இழுத்தேன், பெரிய ஆளுக கையெழுத்து மாதிரி இருக்கட்டும்னு.”

“ஏன்?”

“அவனுக்கு எழுதத் தெரியாதுலே. கைநாட்டு.”

எங்கள் மில்லில் சம்பள நாளில் இரண்டு வரிசை நிற்கும். இடது ஜன்னல் கையெழுத்துக்காரர்களுக்கு. வலது ஜன்னல் ரேகை வைப்பவர்களுக்கு, அங்கே மைப்பெட்டி இருக்கும். யார் எந்த வரிசையில் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இடது வரிசையில் நிற்பதில் எனக்குப் பெருமை உண்டு. கொம்பையா எந்த வரிசையிலும் நின்றதில்லை. அவருக்கு மேனேஜர் ரூமில் வைத்துச் சம்பளம். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு வயிறு எரியும்.

“மைப்பெட்டியைப் பேப்பர்ல சுத்தி மேனேஜர் ரூமுக்கு மாசாமாசம் நான்தான் கொண்டுபோவேன்,” என்றார் அண்ணன். “மேனேஜர் உத்தரவு. படம் போட்டு ஊரு பூராக் கொடுத்திருக்கோம், அந்த ஆளை ரேகை வரிசையில நிறுத்த முடியாது, வெளிய மூச்சு விடக்கூடாதுன்னாரு. உங்களுக்கெல்லாம் அது ஜமீன் பவுசாத் தெரிஞ்சுது.”

“எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ணே.”

“உங்கிட்டயா? ஷிப்டு சங்குக்கு முந்தி ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்.” மறுபடி கத்தியை எடுத்தார். “அவன் எங்கிட்ட வந்து அழுதான்லே. ‘அந்த வைண்டிங்காரன் தினமும் கேக்கான், எல்லாரையும் வச்சுக் கேலி பேசுதான், நான் ஊருக்கே போயிருதேன்’னான். அவங்கிட்டச் சொல்லாமலே ஒரு கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தா நீ வாயை மூடுவன்னு நெனைச்சேன். நீ என்ன செஞ்ச?”

நான் கொண்டுபோன தாளை மடித்தேன். அவர் இரண்டு வெண்டைக்காய் நறுக்கினார்.

பிறகு அவரே, “எம்மேலயும் பாவம் இருக்கு. தாளைக் கொண்டா” என்று வாங்கி எழுதினார். ‘மீனலோசனி மில் கோல்கீப்பர் கொம்பையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1978இல் கார்டில் அவர் பெயரைக் கையெழுத்தாகப் போட்டவன் நானே. உத்தண்டராமனுக்கு இது தெரியாது.’ தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். கடைசியில் அதே இழுப்பு.

கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. என் மேல் குற்றமில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். நான் ஜெயித்துவிட்டேன்.

சாத்தூரிலிருந்து திரும்பும்போது எங்கள் ஊர் கோவில்பட்டியில் இறங்காமல் கயத்தாறு வரை போய்விட்டேன். கண்டக்டர், “தூங்கிட்டீகளா பெரியவரே?” என்றார். ஆமாம் என்றேன்.

மே 20, செவ்வாய்

தண்ணீர் லாரி வந்தது. எட்டுக் குடம். திருவேங்கடத்துக்குப் போன் செய்யவில்லை.

மே 21, புதன்

இன்றும் செய்யவில்லை. கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். பிறகு மறுபடி சட்டைக்கு.

‘நீ என்ன செஞ்ச’ என்றார். அதை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை நான்தான் படிக்கப்போகிறேன்.

ஜமீன் என்று அணியில் யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெயரை வைத்தவன் நான். ஐந்தாவது முறை கார்டை வாங்காமல் போனபோது கேன்டீனில் சொன்னேன்: “ஜமீன்தாரு, நம்ம கார்டெல்லாம் கையால தொடமாட்டாரு.” எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பிராக்டிஸுக்கு அவர் நடந்து வரும்போது, “ஜமீன் வருது, ஒதுங்கு ஒதுங்கு” என்று கத்துவோம். மேட்ச்களிலும் கத்தினோம். நம் அணி கோல்கீப்பரை நாமே.

ஏப்ரலில் கையெழுத்தோடு கார்டு வந்ததும் நான் வாயை மூடவில்லை. மூன்று ஷிப்டுக்கும் காட்டினேன். “ஜமீனையே பணிய வச்சுட்டேன், பாருங்க” என்றேன்.

மே மாதம் டோர்னமென்ட். அரை இறுதியில் கொம்பையா இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தடுத்தார். இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, இரண்டாவதை இடது பேடால் தட்டியது. மேட்ச் முடிந்ததும் நாற்பது ஐம்பது பேர் கார்டோடும் பேனாவோடும் மைதானத்துக்குள் ஓடி அவரைச் சுற்றிக்கொண்டோம். “வைண்டிங் உத்தண்டுக்குப் போட்டீகள்ல, எங்களுக்கும் போடுங்க.” ஒருவன் பேனாவை அவர் கையில் திணித்து மூடினான். நான் பின்னால் நின்று, “போடுவாரு, போடுவாரு, எனக்குப் போட்டாருல்ல” என்றேன்.

அவர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் திமிர் என்று நாற்பத்தேழு வருஷம் நினைத்திருந்தேன். அவருக்குத் தெரியும், தான் எனக்குப் போடவில்லை என்று. நான்தான் போட்டுக்கொண்டு தன்னை மாட்டிவிடுகிறேன் என்று நினைத்திருப்பார். அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொன்னால், ‘அப்படின்னா இப்போ போடுங்க’ என்பார்கள்.

பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஹாஸ்டல் ரூமில் அவர் பெட்டி இல்லை. இறுதி ஆட்டத்தில் மாற்று கோல்கீப்பர் நான்கு கோல் வாங்கினான். காசு வாங்கிட்டு ஓடிட்டான் என்று கேலரியில் முதலில் சொன்னது யார் என்று எனக்கு ஞாபகமில்லை.

ஞாபகம் இருக்கிறது.

மே 22, வியாழன்

ஜெயபாரதி போன் செய்தாள்.

“ஐயா, ஒரு சந்தோஷமான விஷயம். இந்த வருஷத்திலிருந்து சிறந்த கோல்கீப்பருக்கு எங்கப்பா பேர்ல கோப்பை கொடுக்கக் குழு ஒத்துக்கிட்டாங்க. தெற்கு பஜார் பாத்திரக் கடையில பேர் வெட்டக் கொடுத்துட்டேன். ‘ஜமீன் கொம்பையா நினைவுக் கோப்பை’ன்னு.”

“ஜமீன் வேண்டாமே,” என்றேன்.

“ஏன்யா? நல்ல பேரு. திருவேங்கடம் சார் சொன்னாரு, மில்லுல எல்லாரும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம், ஜமீன் மாதிரி கம்பீரமா நிப்பாராம். வீட்ல அப்பா இதை ஒரு நாளும் சொன்னதில்லை. தற்பெருமையே கிடையாது. யார் வச்ச பேருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பால் எதுவும் இல்லை. பேச்சியம்மாள் அடுக்களையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 23, வெள்ளி

திருவேங்கடம் வீடு தேடி வந்தார். முகம் மாறியிருந்தது, மரியாதை கூடியிருந்தது.

“அண்ணாச்சி, நீங்க பிடிச்ச பிடி சரிதான். கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து மதுரைக்குப் பேசிட்டாங்க. எழுபத்தெட்டு சம்பளப் பதிவேடு பத்திரமா இருக்காம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நானும் அந்த டீச்சரும் போறோம். அவங்க அப்பாவோட வாலிப வயசுக் கையெழுத்தைப் போட்டோ எடுத்துப் பெரிசாக்கி வைக்கணுமாம், கண்காட்சி மாசக் கடைசி வரைக்கும் இருக்குல்ல. உங்க கார்டோட ஒத்துப்போச்சுன்னா ஊரறிய நானே உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன்.”

“போகவேண்டாம்.”

“என்ன அண்ணாச்சி?”

“மனுவை வாபஸ் வாங்கிக்கிடுதேன்.”

சிரித்தார். “உங்க மனு இனி எதுக்கு? அந்தப் பொண்ணு கேக்குது. மக கேக்கும்போது இல்லைன்னு சொல்ல முடியுமா?”

அவர் போன பிறகு எல்லா வழியும் யோசித்தேன். யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். யார் என்பார்கள். டைம் ஆபீஸ் என்றால் சாத்தூருக்குப் போவார்கள். அண்ணனுக்கு ஒளிக்கத் தெரியாது, கேட்டதும் எழுதிக் கொடுத்தவர். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் திங்கட்கிழமை அவளே பதிவேட்டைப் புரட்டுவாள். கொம்பையா என்ற பெயருக்கு நேரே பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு ரேகை இருக்கும். அவள் கணக்கு டீச்சர். எஸ்.எஸ்.எல்.சி., பின்னாளில் பெயரை மட்டும் எழுதப் பழகியவர் கதவைச் சாத்திக்கொண்ட பத்து நிமிஷம், எல்லாவற்றையும் ஒரு நொடியில் கூட்டிவிடுவாள். அவர் சாகும்வரை மகளிடம் மறைத்ததை, என் மனு போய் மதுரையிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறது.

அண்ணனின் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மே 24, சனி

காலையில் பேச்சியம்மாளிடம் சொன்னேன். “நாளைக்கு மேடையில ஏறி, அந்தக் கையெழுத்தை நாந்தான் போட்டேன்னு சொல்லப்போறேன்.”

“போட்டீகளா?”

“இல்லை.”

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லுறதுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? திருப்பூர்ல இருக்கிற நம்ம பையன் என்ன நெனைப்பான்? பேரனுக எல்லாம் அந்தக் கார்டைப் பத்திப் பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருக்கு.”

“நெனைக்கட்டும்.”

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நீங்களா தோக்கப் போறீக? ரோடு போட வந்தவன் நம்ம படியை இடிச்சதுக்குப் பதினோரு வருஷம் கேஸ் நடத்துன ஆளு. அப்போ என்னமோ பெரிசா இருக்கு. சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டாம்.” முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வந்து, “வெள்ளைச் சட்டை அழுக்கா இருக்கு. துவைச்சுப் போடுதேன்” என்றாள்.

ஹாலில் கண்ணால் பார்த்தேன் என்றது, தெரிந்தே நான் சொன்ன பொய். நாளைக்குச் சொல்லப்போவது இன்னொன்று. இதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது. கொம்பையாவுக்கு அந்த இறுதி ஆட்டம் கிடைக்காது. முப்பது வருஷம் ஹாக்கி மட்டையைத் தொடாமல் தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டினாராம், போனில் அவள் சொன்னாள். அந்த முப்பது வருஷத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆள் இல்லை, மன்னிப்புக் கேட்கக்கூட. கேட்டாலும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பேன். ஒரு நாளும் நான் அவரைக் கொம்பையா என்று கூப்பிட்டதில்லை.

இன்றும் நாளையும் செய்ய வேண்டியவை. விட்டுப்போகக் கூடாது என்று எழுதுகிறேன்.

திருவேங்கடம்: மதுரைப் பயணத்தை நிறுத்த வேண்டும். போட்டவனே ஒப்புக்கொண்ட பிறகு பதிவேட்டுக்கு வேலையில்லை. கண்காட்சியில் வைக்க அவளிடம் இருக்கும் ரேங்க் கார்டுக் கையெழுத்தே போதும். ஐயத்திற்குரியது என்ற சீட்டை எடுத்துவிட்டு, ‘இங்கே இருந்தது ச. உத்தண்டராமன் போட்ட கள்ளக் கையெழுத்து’ என்று முழுப்பெயரோடு எழுதி ஒட்ட வேண்டும். கார்டைக் கிழித்துவிட வேண்டும். மற்ற பதினைந்தையும் அவரே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம்.

பாத்திரக் கடைக்காரர்: ஜமீன் என்ற எழுத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். தழும்பு தெரிந்தால் புதுக் கோப்பை. அதை நான் வாங்கித் தருவேன்.

அருளப்பன் அண்ணன்: யார் வந்து கேட்டாலும் ஞாபகமில்லை என்று சொல்ல வேண்டும். இன்று மாலைக்குள் போன் செய்து சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்குப் பொய் வராது, மறதி வரும் வயசுதான்.

பேச்சியம்மாள்: விழாவுக்கு வரக்கூடாது. வருவேன் என்பாள். கடைசி வரிசையில் உட்காரட்டும்.

மகன்: திங்கட்கிழமை போன் செய்வான். மேடையில் சொல்லப்போவதைத்தான் அவனிடமும் சொல்ல வேண்டும். அவனுக்கென்று வேறு கதை கிடையாது.

நான்: மேடையில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். கையெழுத்து நான் போட்டது. ஜமீன் என்பது நான் வைத்த கேலிப்பெயர். கொம்பையா காசு வாங்கவில்லை, காசு வாங்கினார் என்ற பேச்சைக் கிளப்பியது நான், அவர் ஊரை விட்டுப் போனது நாங்கள் கத்திய கத்தலால், அதில் முதல் குரல் என்னுடையது. வேறு எந்தக் காரணமும் சொல்லக்கூடாது. யாராவது, அவர் ஏன் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டால், என் மூஞ்சி பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

பிறகு கீழே இறங்கி, ஜெயபாரதி முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் பேசி முடிக்கும்வரை நகரக்கூடாது. எதற்கும் பதில் சொல்லக்கூடாது.